குட்டநாட்டில் விடுமுறை: சிக்கன நிதியைத் தொடலாகாது

அண்மையில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கமொன்றின் பேரவைக் கூட்டத்திற்கு நாம் சென்றிருந்தோம். இருபது குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து குட்டநாட்டில் சில நாட்கள் தங்கிவர விரும்புகின்றன. அதற்குச் சிக்கன நிதியிலிருந்து முன்பணம் பெறலாமா என்று உறுப்பினர் சிலர் வினவினர். கூடாது என்று அங்கேயே விடையிறுத்தோம். தறியில் அமர இயலாத முதுமைக்கென ஒதுக்கிய பொருளை மூன்று நாள் இன்பத்திற்குக் கரைப்பது முறையன்று. ஆயினும், மறுத்துரைத்ததோடு எழுந்து வந்தது சரிதானா என்னும் எண்ணம் பின்னர் நம்மை விடவில்லை. ஆண்டு முழுவதும் குழித்தறியில் கால் மிதிக்கும் குடும்பத்திற்கு ஓய்வு வேண்டாமா? வேண்டும். அதனை எவ்வாறு திட்டமிடுவது என்பதே கேள்வி.

இடத்தைத் தேர்ந்ததில் குறையொன்றுமில்லை. பம்பை, அச்சன்கோவில், மணிமலை, மீனச்சில் ஆகிய ஆறுகள் வேம்பநாட்டுக் காயலில் கலக்குமிடத்து அமைந்த தாழ்நிலம் அது. கடல் மட்டத்திற்கு ஒன்று முதல் இரண்டு மீட்டர் வரை தாழ்ந்த வயல்களில் நெல் விளைகிறது. வயலுக்கு நீர் பாய்ச்சுவதே நம் உழவர் அறிந்த வேளாண்மை. அங்கோ நீரை வெளியேற்றிய பின்னரே உழவு. பல குடும்பங்களின் நிலங்களைச் சேர்த்து ஒரே வரப்பால் வளைத்து அதனைப் பாடசேகரம் என்கின்றனர். ‘பெட்டியும் பறையும்’ என்னும் மரப்பெட்டிப் பொறியால் நீரை இறைத்து வாய்க்காலில் விடுகின்றனர். வரப்பு ஓரிடத்தில் உடைந்தாலும் அனைவர் பயிரும் மூழ்கும். ஆதலின் இறைப்பும் வரப்புக் காவலும் பொதுக் குழுவின் பொறுப்பு. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 2013ஆம் ஆண்டில் இம்முறையை உலக வேளாண் மரபுகளுள் ஒன்றாக ஏற்றது. நம் வேளாண் சங்கத்து உறுப்பினர் வரப்பின்மீது ஒரு மாலைப்பொழுது நடந்து வந்தாலே போதும், நாம் ஓராண்டு கூட்டந்தோறும் பேசுவதினும் அதிகம் விளங்கும்.

எப்போது செல்வது? பள்ளி விடுமுறையென்று மே திங்களில் செல்வோரே பலர். அப்போது அறுவடை முடிந்து, தாளடியில் வாத்துகள் மேய்ந்துகொண்டிருக்கும். வெயிலும் புழுக்கமும் மிகுதி. ஜூன் முதல் பெருமழை. 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு வெள்ளத்தில் அந்நாட்டு மக்கள் வீடுகளைத் துறந்து முகாம்களுக்குச் செல்ல நேர்ந்ததை நாம் மறந்துவிடலாகாது. தை இறுதியும் மாசித் தொடக்கமுமே தக்க காலம். புஞ்சைப் பயிர் பசுமை மாறிப் பொன்னிறம் கொள்ளும் பருவம் அது. பொங்கல் விற்பனை ஓய்ந்து நம் தறிகளும் மந்தமாயிருக்கும். பிள்ளைகளின் தேர்வு நெருங்குகிறதே என்று தாய்மார் தடை கூறுவர். நியாயமான தடைதான், சனி, ஞாயிறோடு ஒருநாள் சேர்த்து முடித்துக்கொள்ள வேண்டும். காட்பாடி, சேலம், ஈரோடு, கோவை வழியாக ஆலப்புழைக்கு இரவு ரயில் இருக்கிறது.

எங்கே தங்குவது என்பதில் நமக்கு உறுதியான கருத்துண்டு. ஆணியின்றிக் கயிற்றால் பலகைகளைப் பிணைத்து, முன்னாளில் நெல் ஏற்றிய கெட்டுவள்ளம், 1990களில் படகு வீடாக மாறியது. காண அழகியதே. நாமும் ஓரிரவு அதில் தங்கினோம். பேசிய வாடகை ஒன்று, இறங்கும்போது கேட்டது வேறு. அதனினும் நம்மை உறுத்தியது, படகுகளின் கழிவும் எண்ணெயும் அக்காயலையே சேர்வது. மறுநாள் ஓர் உழவர் இல்லத்தில் இடம் கிடைத்தது. அவ்வீட்டு அம்மையார் குடிநீர்க் குடங்களைப் படகிலிருந்து இறக்குவதைக் கண்டோம். சுற்றிலும் நீர், குடிப்பதற்கோ தொலைவிலிருந்து வரவேண்டும்! அதன்பின் குளிப்பதற்குக்கூட இரண்டாம் வாளி கேட்க நமக்கு நா எழவில்லை. அங்குத் தங்கக் கொடுக்கும் பணம் உழுகிறவர் கையில் சேர்கிறது. படகுக்குக் கொடுப்பதில் பெரும்பகுதி யாருக்குச் சேர்கிறதோ! நீர்வழியைக் காண விரும்புவோர்க்கு அரசு நீர்ப்போக்குவரத்துத் துறையின் பயணப் படகுகள் உள. நெடுமுடி, காவாலம், புளிங்குன்னு ஊர்களுக்குச் சிறு கட்டணத்தில் செல்லலாம்.

நெசவாளர் ஒரு பகலை ஆலப்புழைக்கு ஒதுக்குதல் நலம். 1859ஆம் ஆண்டில் அங்கே முதல் கயிற்றுப்பாய் ஆலை எழுந்தது. தேங்காய் நாரில் திரித்த கயிற்றைப் பாவாகவும் ஊடையாகவும் கொண்டு நெய்யும் கனத்த தறியைக் கண்டால், நம்மவர் தம் தோள்வலியைச் சற்றே குறைத்துப் பேசுவர்.

நிற்க. பணத்திற்கு வழி யாது? கடனும் வேண்டாம், சிக்கன நிதியும் வேண்டாம். சித்திரை முதல் தை வரை பத்துத் திங்கள், குடும்பத்திற்கு மாதம் ரூ. 500 வீதம் தனிக் கணக்கில் சேர்த்தால் ரூ. 5,000 ஆகும். அத்தொகைக்கு எத்தனை நாள் அடங்குமோ அத்தனை நாளே தங்க வேண்டும்; ஒரு நாளாயினும் குற்றமில்லை. தங்கும் இல்லத்தாரிடம் உணவு, படகு உட்பட வாடகையை முன்னதாகவே எழுத்தில் பெற்றுக்கொள்க.

இவ்வாறே அச்சங்கத்தார்க்கு எழுதினோம். இருபதில் பதினான்கு குடும்பங்கள் இசைந்துள்ளனவென்றும், சித்திரை முதல் நாளில் கணக்குத் தொடங்கவிருப்பதாகவும் செயலாளர் விடை எழுதியுள்ளார். எஞ்சிய ஆறு குடும்பத்தார் இன்னமும் முன்பணம் கோருகின்றனராம். அவ்விண்ணப்பத்தில் நாம் ஒப்பமிடுவதாயில்லை.