அலையவேண்டியது கோப்பு, அவளில்லை

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி, பாதிக்கப்பட்டவருக்காகப் பொலிஸே நீதவான் நீதிமன்றத்தில பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். நடக்கிறது என்ன? 'குடும்பப் பிரச்சினை, சமாதானமாப் போங்கோ' எண்டு அனுப்பிவிடுகினம். அப்பிடி அனுப்பினது ஆஸ்பத்திரிக்குத் தெரியாது. ஆஸ்பத்திரி எழுதின காயம் பிரதேச செயலகத்துப் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தருக்குத் தெரியாது. அடிவாங்கினவள்தான் ஒவ்வொரு மேசையிலயும் அதே கதையைத் திருப்பித் திருப்பிச் சொல்லவேணும். நாலாவது தரம் சொல்ல ஆருக்குத் தெம்பிருக்கும்? அவள் வீட்டுக்கே திரும்பிப் போறாள். பிறகு 'முறைப்பாட்டை அவளே கைவிட்டிட்டாள்' எண்டு எழுதுகினம்!

புதுச் சட்டம் வேண்டாம். அவளின்ர சம்மதத்தோட ஒரே கோப்பு, அதுக்குப் பதில்சொல்ல ஒரே உத்தியோகத்தர், கட்டளை கிடைச்ச அண்டைக்கே பொலிஸ் நிலையத்தில பிரதி. இதுகூட ஏலாதெண்டால் உங்கட ஒருங்கிணைப்புக் கூட்டமெல்லாம் ஆருக்கு?