வெற்றி இல்லாத வருடங்கள்

ஹிடெக்கி மட்சுயாமா என்ற ஜப்பானிய கோல்ப் வீரரின் கதையை, கோல்ப் விளங்காத பெற்றோரும் ஒருமுறை வாசிக்க வேண்டும்.

2011இல் அவர் செண்டாய் நகரில் பல்கலைக்கழக மாணவர். மார்ச்சில் பூகம்பமும் சுனாமியும் அந்தப் பகுதியைச் சிதைத்தன. ஏப்ரலில் அமெரிக்காவில் மாஸ்டர்ஸ் போட்டி. ஊர் இப்படிக் கிடக்கையில் விளையாடப் போவதா என்று தயங்கினார். பலர் கொடுத்த தைரியத்தில் போய், அமெச்சூர் வீரர்களில் முதலிடம் பெற்றார்.

2017இல் பிஜிஏ சம்பியன்ஷிப்பின் கடைசி நாளில் முன்னணியில் இருந்து சறுக்கினார். எல்லோரும் பார்க்க அழுதார். அதன் பிறகு மூன்றரை வருடங்களுக்கு மேல் ஒரு பட்டமும் இல்லை.

2021 ஏப்ரலில் அதே மாஸ்டர்ஸை ஒரே ஒரு அடி வித்தியாசத்தில் வென்றார். பெரும் போட்டிகள் நான்கில் ஒன்றை வென்ற முதல் ஜப்பானிய ஆண் அவர்தான். சில மாதங்களில் டோக்கியோ ஒலிம்பிக்; வெண்கலம் கைநழுவியது. 2024 பாரிஸில் அதையும் பெற்றார்.

2020இல் கணக்குப் பார்த்தவர்கள் "இவர் இவ்வளவுதான்" என்று முடித்திருக்கலாம். நாம் பிள்ளைகளுக்குச் செய்வதும் அதுதான். பெறுபேறு வந்த அன்றே தீர்ப்பு.

எல்லோரும் கிண்ணம் வெல்லமாட்டார்கள், உண்மை. ஆனால் வெற்றி இல்லாத வருடங்களிலும் அவருக்குத் தொடர்ந்து விளையாட இடமிருந்தது. நம் பிள்ளைகளுக்கு அந்த இடத்தை அடைப்பது பெரும்பாலும் நம் வாய்தான்.

அடுத்த பெறுபேறு வரும் நாளில் புள்ளியைக் கேட்கமுன், "சாப்பிட்டீங்களா மகன்?" என்று கேளுங்கள்.