வெளிச்சத்தின் வரிசை

மதுரை திருமலை நாயக்கர் மகாலுக்குக் கேமராவோடு போகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே சோதனைதான் காத்திருக்கிறது. நடுவே திறந்த முற்றம், சுற்றிலும் அண்ணாந்து பார்க்கவைக்கும் தூண்கள், தூண்களுக்குப் பின்னால் நிழல் படர்ந்த கூடங்கள். உச்சிவெயிலில் திறந்தவெளியில் விழும் ஒளி ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். இத்தகைய கூடங்களின் உள்மூலைகளில் அது 100 லக்ஸுக்கு இறங்கிவிடுவது சாதாரணம். ஆயிரம் மடங்கு வித்தியாசம் இது. சுண்ணாம்புப் பூச்சின் வெண்மைக்கும் கரிய கல்லுக்கும் இடையே உள்ள வேறுபாட்டையும் சேர்த்தால் இருபதாயிரம் மடங்கைத் தொடும். முற்றத்துக்கு எக்ஸ்போஷர் வைத்தால் கூடம் கரியாகிறது. கூடத்துக்கு வைத்தால் முற்றம் வெளுத்துப்போகிறது.

இந்தச் சிக்கலுக்காகவே எச்டிஆர் இருக்கிறது. ஒரே காட்சியைக் குறைந்த, நடுத்தர, கூடுதல் எக்ஸ்போஷர்களில் எடுத்து, எல்லாவற்றின் விவரங்களையும் ஒரே படத்தில் சேர்ப்பது அதன் வேலை. அருமையான கருவி. அதைப் பாழாக்கியது கேமராவோ மென்பொருளோ இல்லை. அதைக் கற்றுக்கொடுப்பவர்களும் கற்றுக்கொள்பவர்களும் ஒன்றுபோலச் சுமந்து திரியும் ஒரு நம்பிக்கை. மனிதக் கண்ணுக்கு எல்லாமே தெரிகிறது, கேமராவுக்குத்தான் அந்தத் திறன் இல்லை, ஆகவே ஒரு துளி இருட்டும் மிச்சமில்லாமல் எல்லாவற்றையும் தெரியவைத்தால் அதுவே கண் கண்ட காட்சி என்கிறது அந்த நம்பிக்கை.

இதன் விளைவை இணையத்தில் எங்கும் பார்க்கலாம். முற்றமும் கூடமும் ஒரே வெளிச்சத்தில் நிற்கின்றன. வானம் ஈயத்தட்டு நிறத்தில் தொங்குகிறது. தூண்களின் விளிம்பைச் சுற்றி ஒரு வெளிறிய வளையம் ஓடுகிறது. வெயில் எந்தப் பக்கமிருந்து அடித்தது என்று அந்தப் படத்தைப் பார்த்துச் சொல்லவே முடியாது. 1636இல் கட்டப்பட்ட ஒரு அரண்மனையில் வெயிலும் நிழலும் சேர்ந்து செய்திருந்த வேலை மொத்தமும் ஒரு ஸ்லைடரின் இழுப்பில் காணாமல் போகிறது.

முதலில் கண்ணைப் பற்றிய பிழையைத் திருத்தியாக வேண்டும். கண் எல்லாவற்றையும் ஒரே பார்வையில் பார்ப்பதில்லை. கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் எவ்வளவு இடத்தை மறைக்குமோ, ஏறத்தாழ அவ்வளவு பரப்பை மட்டுமே அது கூர்மையாகக் காண்கிறது. சுமார் இரண்டு பாகை. மற்றவை எல்லாம் மங்கலான ஓரப்பார்வை. அந்தச் சிறு வட்டத்தை நொடிக்கு மூன்று முறையளவில் அங்குமிங்கும் தாவவிட்டு, தாவும் இடத்தின் ஒளிக்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொண்டு, மூளையின் உதவியோடு முழுக்காட்சியைக் கட்டியெழுப்புகிறது கண். அந்தச் சரிசெய்தலுக்கும் நேரம் பிடிக்கும். வெயிலிலிருந்து திரையரங்குக்குள் நுழைந்தவர் இருக்கையைத் தடவித் தேடுவது அதனால்தான். இருட்டுக்கு முழுதாகப் பழக விழித்திரையின் கோல் அணுக்களுக்கு இருபது முப்பது நிமிடங்கள் வேண்டும்.

இப்படிக் கட்டியெழுப்பும்போது கண் ஒன்றை மட்டும் எளிதில் கைவிடுவதில்லை. எது எதைவிட வெளிச்சமானது என்ற வரிசைதான் அது. கூடத்து ஓவியத்தின் விவரங்கள் தெரிகிற அதே வேளையில், கூடம் முற்றத்தைவிட இருண்டது என்பதும் தெரிந்துகொண்டே இருக்கிறது. இயல்பாகத் தோன்றும் எச்டிஆர் படத்துக்கும் செயற்கையாகத் தோன்றும் படத்துக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. இடைவெளிகளைச் சுருக்கலாம். வரிசையைக் கலைக்கக் கூடாது. ஆயிரம் மடங்கு வித்தியாசத்தை எட்டு மடங்காக்கினாலும் மனம் ஏற்றுக்கொள்ளும். அதையே ஒன்றுக்கு ஒன்றாக்கினால், அல்லது பகல் வானத்தைத் தரையைவிட இருட்டாக்கினால், ஒளியியல் ஒரு எழுத்தும் படிக்காத பாட்டியம்மாகூட “என்னமோ பெயிண்டிங் மாதிரி இருக்கு” என்று சொல்லிவிடுவார்.

சுருக்குவதைத் தவிர்க்க வழியில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நல்ல பளபளப்புத் தாளில் அச்சிட்டாலும் அதன் வெண்மைக்கும் கருமைக்கும் இடையே நூறு மடங்கு அளவில்தான் வித்தியாசம் கிடைக்கும். இருபதாயிரத்தை நூறுக்குள் அடக்கியாக வேண்டும். ஆகவே ஒவ்வொரு புகைப்படமும் ஒரு தேர்வு. எதை இருட்டில் விடுவது என்று முடிவெடுக்காமல் படம் என்பதே கிடையாது.

இது டிஜிட்டல் காலத்துத் தலைவலி என்று நினைப்பவர்கள் பிரெஞ்சுக்காரர் குஸ்தாவ் லெ கிரேயைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1850களின் தகடுகள் நீல ஒளிக்கே அதிகம் வினைபுரிந்தன. கடலுக்கு எக்ஸ்போஷர் வைத்தால் வானம் வெற்றுத்தாளாகிவிடும். லெ கிரே வானத்துக்கு ஒரு நெகட்டிவ், கடலுக்கு ஒரு நெகட்டிவ் என்று தனித்தனியே எடுத்து, தொடுவானக் கோட்டில் பொருத்தி ஒரே தாளில் அச்சிட்டார். 1857இல் செத் துறைமுகத்தில் எடுத்த பேரலைப் படம் அப்படிப் பிறந்ததுதான். இன்றைய எச்டிஆர்காரர்கள் அதன் முன் நின்று கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வானம் கடலைவிட வெளிச்சமாகவே இருக்கிறது. இரண்டு நெகட்டிவ் கையில் இருந்தும் இரண்டையும் சமமாக்க அவர் முனையவில்லை.

அமெரிக்காவின் ஆன்சல் ஆடம்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். 1941 நவம்பர் 1 மாலை. நியூ மெக்சிகோவின் எர்னாண்டஸ் சிற்றூர். கல்லறைச் சிலுவைகளின் மேல் கடைசி வெயில், கிழக்கே எழும் நிலா. ஒளிமானி கைக்குக் கிடைக்கவில்லை. நிலாவின் ஒளிர்வு எவ்வளவு என்பது நினைவில் இருந்ததால் அதை வைத்தே எக்ஸ்போஷரைக் கணக்கிட்டு ஒரே ஒரு படம் எடுத்தார். இரண்டாவது எடுப்பதற்குள் சிலுவைகளை விட்டு வெயில் போய்விட்டது. நெகட்டிவின் கீழ்ப்பகுதி வலுவில்லாமல் இருந்ததால் 1948இல் அதை ரசாயனத்தில் நனைத்து அடர்த்தியாக்கினார். நிழலிலிருந்து விவரத்தை மீட்கும் வேலைதான் அதுவும். ஆனால் அதே படத்தின் வானத்தில் மெல்லிய மேகங்கள் இருந்தன. தொடக்கக்கால அச்சுகளில் அவை தெரிகின்றன. ஆண்டுகள் செல்லச்செல்ல ஆடம்ஸ் அந்த வானத்தை மேலும் மேலும் இருட்டாக்கி, கடைசியில் கிட்டத்தட்டக் கறுப்பாகவே அச்சிட்டார். கையில் இருந்த விவரத்தைத் தெரிந்தே விட்டுக்கொடுத்தார். இருபதாம் நூற்றாண்டின் மிகப் புகழ்பெற்ற நிலக்காட்சிப் படங்களில் ஒன்று, எல்லாவற்றையும் காட்ட மறுத்துத்தான் அந்த இடத்தை அடைந்தது.

டிஜிட்டல் எச்டிஆரின் பிறப்பிலேயே இந்தப் பாடம் அடங்கியிருக்கிறது. 1997இல் பால் டெபெவெக்கும் ஜிதேந்திர மாலிக்கும் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில் ஒரு தேவாலயத்தின் உட்புறத்தை 16 படங்களாக எடுத்துக் காட்டினார்கள். ஒவ்வொன்றும் ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு ஒளி, இடைவெளியில், 30 நொடியிலிருந்து நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை. அவற்றிலிருந்து காட்சியின் உண்மையான ஒளியளவுகளைக் கணித்து ஒரு கோப்பாக்கினார்கள். உண்மையில் எச்டிஆர் என்பது அந்தக் கோப்புதான். அதைத் திரைக்கும் தாளுக்கும் ஏற்பச் சுருக்குவது டோன் மேப்பிங் எனப்படும் இரண்டாவது வேலை. கண்ணைக் குத்தும் குறைகள் எல்லாம் இந்த இரண்டாவது வேலையில் வருபவை. பழியை மட்டும் முதலாவது சுமக்கிறது.

தூண்களின் விளிம்பில் ஓடும் அந்த வெளிறிய வளையத்தையே எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு புள்ளியையும் அதன் சுற்றுப்புறச் சராசரியோடு ஒப்பிட்டு ஏற்றி இறக்கும் முறைகள், கோபுரம் வானத்தைத் தொடும் விளிம்புக்கு வந்ததும் தடுமாறுகின்றன. இருண்ட கல்லும் பிரகாசமான வானமும் ஒரே சராசரியில் கலந்துவிடுவதால், வானத்தின் ஓரம் தேவைக்கு மேல் வெளுத்துக் கோபுரத்துக்கு ஒளிவட்டம் கட்டுகிறது. விளிம்பு தாண்டிக் கலக்காத வடிகட்டியைப் பயன்படுத்தி இந்தக் குறையைக் குறைக்கும் வழியை டுராண்டும் டோர்சியும் 2002இலேயே காட்டிவிட்டார்கள். அதே ஆண்டு ரைன்ஹார்டும் அவருடைய சகாக்களும் காட்சியின் ஒளியை மண்டலங்களாகப் பிரிக்கும் ஆடம்ஸின் முறையை அடிப்படையாகக் கொண்டே ஒரு டோன் மேப்பிங் முறையை வகுத்தார்கள். இருட்டறையில் பிறந்த அறிவு கணினிக்குள் வந்துசேர்ந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அதற்குப் பிறகும் பயிற்சி வகுப்பில் ஷேடோ ஸ்லைடரை வலது கோடிக்கும் ஹைலைட் ஸ்லைடரை இடது கோடிக்கும் இழுக்கச் சொல்லிக்கொடுப்பது கற்பவருக்குச் செய்யும் அநியாயம்.

எல்லாவற்றையும் தெரியவைக்க வேண்டும் என்ற அந்த நம்பிக்கை மிக அதிகமாகச் சேதப்படுத்துவது கோயில் படங்களை. படமெடுக்க அனுமதியுள்ள பழைய கோயில் மண்டபங்கள் எத்தனையோ இருக்கின்றன. வாசலின் வெயிலிலிருந்து உள்ளே போகப்போக ஒளி படிப்படியாகக் குறைந்து, கருவறையில் எண்ணெய் விளக்கின் சுடரில் வந்து நிற்பது அந்தக் கட்டடத்தின் அமைப்பு. உள்ளே நடப்பவரின் கண் மெல்ல இருட்டுக்குப் பழகுவதும் அந்த அனுபவத்தில் சேர்ந்ததே. முன்மண்டபத்தையும் உள்மண்டபத்தையும் ஒரே வெளிச்சத்தில் காட்டும் படம் தூண் சிற்பங்களை வேண்டுமானால் எண்ணிக் காட்டும். கோயிலைக் காட்டாது. சிற்பத்தின் நிலையும் இதுதான். கல்லில் மூக்கும் உதடும் விரல்களும் தெரிவது அவற்றின் ஓரத்து நிழலால். நிழலை ஏற்றிவிட்டால் புடைப்பு தட்டையாகிறது. அதை ஈடுகட்ட லோக்கல் கான்ட்ராஸ்ட்டைக் கூட்டினால் கல் முழுவதும் கரிபடிந்தாற்போல ஆகிறது.

வீடு விற்கும் விளம்பரப் படங்களிலும் இதே கோளாறு. ஜன்னலுக்கு வெளியே நண்பகல் மரங்கள், உள்ளே சோபா, இரண்டும் ஒரே பிரகாசம். ஜன்னல் ஒளி தரும் இடமாக இல்லாமல் சுவரில் ஒட்டிய போஸ்டர்போல ஆகிவிடுகிறது.

எதிர்முகாமுக்கும் ஒரு வார்த்தை. இந்த அலங்கோலங்களைப் பார்த்து, எச்டிஆர் என்றாலே மோசடி, ஒரே சொடுக்கில் வந்ததே உண்மை என்று முடிவுகட்டியவர்கள் இருக்கிறார்கள். காசா இறுதி ஊர்வலப் படத்துக்காக 2013இல் வேர்ல்டு பிரஸ் போட்டோ விருது பெற்ற ஸ்வீடன்காரர் பால் ஹான்சன்மீது, பல படங்களை ஒட்டிச்செய்தார் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. நிபுணர்கள் மூல ரா கோப்பை ஆராய்ந்து, நிறமும் ஒளியும் திருத்தப்பட்டிருக்கின்றனவே தவிர ஒட்டுவேலை எதுவும் இல்லை என்று அறிவித்தார்கள். ஒரே சொடுக்கில் எடுத்த படமும் மிகையான டோனால் பொய்போலத் தோன்றலாம் என்பதற்கு அந்தச் சர்ச்சையே சாட்சி. தவிர, கைப்பேசியில் எடுப்பவர்களுக்கு ஒற்றைச் சொடுக்கு என்பதே பெரும்பாலும் கிடையாது. ஐபோனில் 2010இலேயே எச்டிஆர் வந்துவிட்டது. 2013இல் வந்த கூகுளின் எச்டிஆர் பிளஸ், குறைந்த எக்ஸ்போஷரில் சரசரவெனப் பல படங்களை எடுத்து ஒன்றாக்குகிறது.

அப்படியானால் இயல்பான எச்டிஆரை எப்படிப் பழகுவது? எடுப்பதற்கு முன்பே வரிசையைப் பார்த்துக்கொள்வதில் தொடங்குகிறது. எது மிகப் பிரகாசம், அடுத்தது எது, எது கறுப்பாகவே இருக்கலாம். பல நேரங்களில் இந்தக் கணக்கே பல படங்கள் தேவையில்லை என்று சொல்லிவிடும். இன்றைய நல்ல முழுச்சட்டக சென்சார்கள் குறைந்த ஐஎஸ்ஓவில் 14 ஸ்டாப் அளவுக்குப் பிடிக்கின்றன. ஹைலைட் வெடிக்காதபடி எடுத்த ஒரே ரா கோப்பு பெரும்பாலான காட்சிகளுக்குப் போதும். போதாதபோது ட்ரைபாட், குறைந்த ஐஎஸ்ஓ, மாறாத அபர்ச்சர், ஷட்டர் வேகத்தை மட்டும் மாற்றி இரண்டு ஸ்டாப் இடைவெளியில் மூன்று படங்கள். ஜன்னலோ சூரியனோ சட்டகத்துக்குள் இருந்தால் ஐந்து. காற்றில் ஆடும் இலையும் நடந்துபோகும் ஆட்களும் பேய்பிம்பமாகப் பதியும். அந்த இடங்களுக்கு ஒரே ஒரு படத்திலிருந்து விவரம் எடுப்பதே நல்லது.

சேர்க்கும்போது எக்ஸ்போஷர் ஃபியூஷன் முறை புதியவர்களுக்கு மிகவும் ஏற்றது. 2007இல் மெர்ட்டன்ஸும் சகாக்களும் வகுத்தது. ஒவ்வொரு படத்திலும் நன்றாக வந்த பகுதிக்கு அதிக எடை கொடுத்துக் கலக்கும் இந்த முறை, தன்போக்கிலேயே அடக்கமான படங்களைத் தருகிறது. டோன் மேப்பிங் செய்வதானால் ஒளியைச் சுருக்கியதும் நிறம் மிகையாகத் தெரியும் என்பதை எதிர்பார்த்து, சாச்சுரேஷனை இறக்க வேண்டும். பெரும்பாலானோர் அங்கேதான் கூட்டுகிறார்கள். பிறகு படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றி, கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பார்க்கலாம். வெயில் எந்தப் பக்கம் என்று அந்த அளவிலேயே தெரிந்தால் வரிசை தப்பவில்லை. எங்காவது ஓரிடமாவது சுத்தக் கறுப்பாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கறுப்பே இல்லாத படத்தில் வெளிச்சத்துக்கும் வலு இருப்பதில்லை.

இதையெல்லாம் இப்போதே கற்றுக்கொள்வதற்கு இன்னொரு காரணமும் வந்துவிட்டது. புதிய கைப்பேசித் திரைகள் வழக்கமான வெண்மையைவிடப் பல மடங்கு பிரகாசமாக ஒளிரக்கூடியவை. 2023இல் ஆண்ட்ராய்டு 14 கொண்டுவந்த அல்ட்ரா எச்டிஆர் வடிவம், சாதாரணப் படத்தோடு எந்த இடத்தை எவ்வளவு கூடுதலாக ஒளிரவிடலாம் என்ற வரைபடத்தையும் சேர்த்தே சேமிக்கிறது. முற்றத்து வெயிலை வெயிலாகவே காட்டும் திரையில், கூடத்தைச் செயற்கையாக வெளுக்கவைக்கும் தேவை பெருமளவு குறைந்துவிடும். பல எக்ஸ்போஷர்களில் எடுத்த ரா கோப்புகளைப் பத்திரமாக வைத்திருப்பவர் அந்தத் திரைக்காகப் படத்தை மறுபடி செய்துகொள்ளலாம். நிழலையெல்லாம் துடைத்துத் தட்டையாக்கிய ஜேபெக்கை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை அழித்தவருக்கு அந்த வாய்ப்பு இல்லை.