கருவியைச் செப்பனிடுவதும் பொறியியலே

லினக்ஸ் சர்வர் ஒன்று திடீரென விழும்போது, அக்கணத்தில் அதன் நினைவகம் இருந்த நிலையைக் கோப்பாகச் சேமிக்கலாம். அக்கோப்பைத் திறந்து பிழையின் வேரைத் தேட உதவுவது ‘கிராஷ்’ என்னும் கட்டற்ற மென்பொருள். லினக்ஸின் மையமான கர்னல் மாறும்போதெல்லாம் இத்தகைய கருவிகளையும் திருத்த வேண்டும். அந்த வேலையை, கிளிநொச்சி அறிவியல்நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடமும் பம்பைமடுவில் இயங்கும் வவுனியாப் பல்கலைக்கழகமும் இறுதியாண்டுச் செயற்றிட்டமாக ஏற்றுப் புள்ளி வழங்க வேண்டும்.

காரணத்தை ஓர் உதாரணமே காட்டும். கர்னல் தன் பயன்பாட்டுக்குத் துண்டுகளாகப் பிரித்துவைக்கும் நினைவகத்தில், காலியாக உள்ள ஒவ்வொரு துண்டும் அடுத்த காலித் துண்டின் முகவரியைத் தன்னுள் வைத்திருக்கும். தாக்குபவர்கள் அதை மாற்றியெழுத முடியாதபடி, 2017இல் வந்த லினக்ஸ் 4.14, அந்த முகவரியை இரகசிய எண்ணுடனும் அது எழுதப்பட்ட இடத்தின் முகவரியுடனும் கலந்து மறைக்க வழிசெய்தது. 2020இல் 5.7 பதிப்பு, இடத்தின் முகவரியிலுள்ள பைட்டுகளைத் தலைகீழாக அடுக்கிய பின்பே கலந்தது. பாதுகாப்புக்கு அது நல்ல மாற்றம். ஆனால் பழைய கணக்கையே போட்ட கிராஷ், பழுதில்லாத நினைவகத்திலும் முகவரி செல்லாது என்று பிழைச்செய்திகளை அடுக்கியது. மெய்யான சேதம் எது, கருவியின் தவறு எது என்று பிரித்தறிய முடியாத நிலை. திருத்தம் சிறியதுதான்; ஆனால் அதை எழுத, கர்னலின் உள்ளமைப்பை ஒருவர் வரிவரியாக வாசித்திருக்க வேண்டும்.

பெருநிறுவனங்கள் பார்க்கவேண்டிய வேலையை வன்னியிலுள்ள இம்மாணவர்மேல் ஏன் சுமத்த வேண்டும் என்று கேட்கலாம். மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. சாதாரணக் கணினியில் மெய்நிகர் இயந்திரத்தை ஓட்டி, வேண்டுமென்றே அதைச் செயலிழக்கச் செய்து பரிசோதிக்கலாம். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையர் தொடங்கிய ‘சஹானா’ மென்பொருள் 2010 ஹெயிட்டி நிலநடுக்கத்திலும் பயன்பட்டது. உலகுக்கு உதவும் நிரலை எழுத நாடு பெரிதாக இருக்க வேண்டியதில்லை. வேலைவாய்ப்பு என்று பார்த்தாலும், பிறர் எழுதிய நிரலைப் புரிந்து திருத்தும் திறனே தொழிலில் நாள்தோறும் கைகொடுக்கும்.

சில வரித் திருத்தத்துக்கு எப்படிப் புள்ளியிடுவது என்பது நியாயமான கேள்வி. வரிகளை எண்ண வேண்டாம். பிழையை மீண்டும் நிகழ்த்திக் காட்டினாரா, காரணத்தை நிறுவினாரா, பழைய பதிப்புகளிலும் புதியவற்றிலும் சோதித்தாரா என்று பார்த்தால் போதும். புதிதாக ஒரு செயலி செய்பவரிடம் இவ்வளவு கடுமையான சான்றை நாம் கேட்பதில்லை. கேட்கத் தொடங்கினால் நமது பொறியியற் கல்வியின் தரமே உயரும்.