கடனட்டைக் கடிதங்களும் வாடிக்கையாளரின் மௌனமும்

அண்மைய பொருளாதார நெருக்கடி மக்களை எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நிற்கவைத்ததோடு ஓய்ந்துவிடவில்லை. வங்கிகளின் கடித உறைகளுக்குள்ளும் அது வீடு தேடி வந்தது. 2020 ஆகஸ்டில் கடனட்டைகளுக்கான வருடாந்த வட்டியை 18 சதவீதத்துக்கு மட்டுப்படுத்திய இலங்கை மத்திய வங்கி, 2022 மார்ச்சில் அவ்வெல்லையை 20 சதவீதமாக உயர்த்தியது. அடுத்த மாதமே, கொள்கை வட்டி வீதங்களை 7 சதவீதப் புள்ளிகளால் அதிகரித்த கையோடு, அந்த உச்சவரம்பை முற்றாக நீக்கியது. இதன் விளைவைப் பலர் அறிந்துகொண்டது, எதிர்பாராது வந்த ஓர் அறிவித்தல் கடிதத்தின் வாயிலாகவே.

இத்தகைய கடிதங்களின் உள்ளடக்கம் பெரும்பாலும் சில வரிகள்தான். ஆனால் அவ்வரிகளின் கனதி சிறியதன்று. 100,000 ரூபா நிலுவை வைத்திருப்பவர் 18 சதவீத வட்டியில் மாதமொன்றுக்கு ஏறத்தாழ 1,500 ரூபா வட்டி செலுத்துவார். வட்டி 36 சதவீதமானால் அது 3,000 ரூபாவாகும். குறைந்தபட்சக் கொடுப்பனவாக 5,000 ரூபாவை ஒழுங்காகச் செலுத்தினாலும் முதலில் கழிவது 2,000 ரூபா மாத்திரமே. கடன் அடைபடுகிறது என்ற நிம்மதியிலேயே ஒரு குடும்பம் ஆண்டுக்கணக்கில் வட்டி கட்டிக்கொண்டிருக்கும் நிலை இவ்வாறுதான் உருவாகின்றது.

மாற்றத்தை ஏற்காதவர் குறிப்பிட்ட தினத்துக்கு முன்னர் அறிவிக்க வேண்டும் என்பதே இவ்வாறான கடிதங்களின் வழமையான வாசகம். அதாவது, வாடிக்கையாளரின் மௌனம் சம்மதமாகக் கொள்ளப்படுகின்றது. கடிதம் ஆங்கிலத்தில் மட்டும் இருந்து, பெறுபவர் தமிழில் மட்டும் வாசிக்கக்கூடியவராயின், அந்த மௌனத்தைச் சம்மதம் என்று கூறுவது நியாயமாகுமா? அட்டைக்குரியவர் கட்டாரிலோ சவூதி அரேபியாவிலோ தொழில் புரிய, கடிதம் வாழைச்சேனையிலோ மன்னாரிலோ உள்ள வீட்டில் பிரிக்கப்படாமற் கிடப்பதும் நம் மத்தியில் புதிய விடயமல்ல. வட்டியை மார்க்க அடிப்படையில் தவிர்க்கும் முஸ்லிம்களுக்கோ இதில் மேலதிகச் சங்கடமும் உண்டு. உரிய காலத்தில் முழுத் தொகையையும் செலுத்தி வந்தவர்கூட, கவனிக்கப்படாத ஒரு வருடாந்தக் கட்டணத்தினால் தாம் விரும்பாத வட்டிக்குள் இழுக்கப்படலாம்.

விளைவு அத்துடன் நிற்பதில்லை. 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தினால் தாபிக்கப்பட்ட கொடுகடன் தகவல் பணியகத்தின் பதிவேட்டில் சிறு நிலுவையும் இடம்பெறக்கூடும். பின்னொரு நாளில் வீட்டுக்கடனுக்கோ தொழிற்கடனுக்கோ விண்ணப்பிக்கும்போதே அதன் தாக்கம் புலப்படும்.

ஆகவே இவ்வாறான கடிதத்தைக் கண்டு அஞ்சுவதும் தவறு, அலட்சியப்படுத்துவதும் தவறு. கடிதத்திலுள்ள தொலைபேசி இலக்கத்தை நம்பாது, அட்டையின் பின்புறத்திலுள்ள இலக்கத்துடனோ வங்கிக் கிளையுடனோ தொடர்புகொண்டு கடிதம் உண்மையானதா என முதலில் உறுதிசெய்ய வேண்டும். ஆட்சேபனையை எழுத்தில் கையளித்து, பிரதியில் திகதியுடன் கையொப்பம் பெற்றுக்கொள்வது அவசியம். விண்ணப்பிக்காத அட்டைக்கோ செய்யாத கொள்வனவுக்கோ பணம் கோரப்பட்டால், தொல்லை தீரட்டும் என்று ஒரு பகுதியைச் செலுத்திவிடலாகாது. அது கடனை ஒப்புக்கொண்டதாக வாதிக்க இடமளிக்கும். பிறருடைய நிலுவையைப் பொறுப்பேற்பதாகக் குடும்பத்தினர் எதிலும் அவசரப்பட்டுக் கையொப்பமிடவும் கூடாது. வங்கி தீர்வு வழங்காதவிடத்து, மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்தை 1935 என்ற இலக்கத்தில் நாடலாம். நிதி ஒம்புட்ஸ்மனிடம் முறையிடும் வழியும் உண்டு.

2023 ஆம் ஆண்டில் நிதியியல் நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் பிரசுரிக்கப்பட்டமை வரவேற்கத்தக்கது. எனினும் விதிகளின் பயன், அவை சாதாரண வாடிக்கையாளரின் கைக்கு எவ்வாறு வந்து சேர்கின்றன என்பதிலேயே தங்கியுள்ளது. விளம்பரங்களைத் தமிழில் அச்சிட்டு வாடிக்கையாளரைத் தேடும் வங்கிகளுக்கு, வட்டி உயர்வையும் அதே மொழியில் அறிவிப்பது இயலாத காரியமல்ல. அதனை உறுதிப்படுத்துவது மத்திய வங்கியின் கடப்பாடாகும்.