பீடோங்கில் பிறந்த குரல்

லயத்தில் ஒரு வீட்டில் வானொலியைத் திறந்தால் பத்து வீட்டுக்குக் கேட்கும். கடாரத்துத் தோட்டங்களில் நம் பெற்றோர் அப்படித்தான் செய்தி கேட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கூட அறிவிப்பாளரின் பெயரைச் சொல்வார். வாத்தியார் அல்லாமல், நல்ல தமிழ் பேசிச் சம்பளம் வாங்குபவரும் இந்த நாட்டில் இருக்கிறார் என்பதை அந்தக் குரல்கள்தான் நமக்குச் சொல்லின.

அவற்றில் ஒன்று நம் ஊர்க் குரல். ரெ. கார்த்திகேசு 1940-இல் பீடோங்கில் பிறந்தவர். மலேசிய வானொலியில் பல ஆண்டுகள் ஒலிபரப்பாளராக இருந்தார். பிறகு பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தகவல் சாதனத் துறைப் பேராசிரியரானார். இந்நாட்டுத் தொலைக்காட்சியின் வளர்ச்சியை ஆராய்ந்து எழுதினார். 'அந்திம காலம்' போன்ற நாவல்களும் சிறுகதைகளும் தந்தார். 2016-இல் மறைந்தார்.

"நம்மவர் எவ்வளவு உயர்ந்தார் பாருங்கள்" என்று பெருமைப்பட்டுவிட்டு நாம் நிறுத்திக்கொள்கிறோம். அது போதாது. திறமை அவருடையது. ஆனால் அந்தத் திறமை உள்ளே நுழைய ஒரு கதவு இருந்ததே! அரசாங்கம் நடத்திய தமிழ் ஒலிபரப்புதான் அந்தக் கதவு. அது நம் வரிப்பணத்தில் நடப்பது. யாரும் போட்ட பிச்சை அல்ல.

அயர்லாந்தைப் பாருங்கள். அங்கே அரசியலமைப்புப்படி ஐரிஷ்தான் முதல் ஆட்சிமொழி. ஆனாலும் ஆங்கிலமே ஆண்டது. மேற்குக் கரையில் கொனமாரா என்ற ஏழைப் பகுதியில் ஐரிஷ் பேசும் இளைஞர்கள் 1969-இல் உரிமை இயக்கம் தொடங்கினார்கள். 1970-இல் உரிமம் இல்லாமலே சொந்த வானொலியை ஒலிபரப்பிக் காட்டினார்கள். 1972-இல் அரசாங்கமே ஐரிஷ் வானொலி தொடங்கியது. 1996-இல் தொலைக்காட்சியும் வந்தது. அதன் தலைமையகம் தலைநகர் டப்ளினில் இல்லை, கொனமாராவிலேயே இருக்கிறது. இன்று ஐரிஷ் மொழியில் நிகழ்ச்சி நடத்திப் பிழைக்கும் ஒவ்வோர் அறிவிப்பாளருக்கும் பின்னால் அந்த இளைஞர்களின் போராட்டம் நிற்கிறது.

நம் நிலை என்ன? கூட்டரசு அரசியலமைப்பின் 152-ஆவது பிரிவு, அதிகாரப்பூர்வக் காரியங்களுக்கு அல்லாமல் மற்ற மொழிகளைப் பயன்படுத்துவதையும், கற்பதையும் கற்பிப்பதையும் யாரும் தடுக்கக்கூடாது என்கிறது. ஒரு வழக்கறிஞனாக உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: தமிழுக்கு இத்தனை மணி நேரம் ஒலிபரப்பு கொடு என்று அந்தப் பிரிவு அரசாங்கத்துக்குக் கட்டளையிடவில்லை. ஆக, நேரம் கூடுவதும் குறைவதும் கொள்கையைப் பொறுத்தது. கேட்காத சமூகத்துக்காகக் கொள்கை மாறாது.

"அஸ்ட்ரோ இருக்கிறது, யூடியூப் இருக்கிறது, இனி எதற்கு?" என்பார்கள். ஒன்று, காசு கட்டினால்தான். மற்றதில் யார் வேண்டுமானாலும் பேசலாம், ஆனால் தவறாகச் சொன்னால் பொறுப்பேற்க ஆளில்லை.

இது வெறும் மொழிப்பற்று அல்ல, வயிற்றுப் பிரச்சினை. தோட்டம் கைமாறி, வீட்டைக் காலி செய்யச் சொல்லி வந்த கடிதங்களை என்னிடம் கொண்டு வருகிறார்கள். பல கடிதங்கள் சாமிப்படத்துக்குப் பின்னால் வாரக்கணக்கில் கிடந்தவை. வாசிக்க ஆளில்லை, விளங்கவில்லை. நீதிமன்றச் சம்மனுக்குக் குறித்த நாளுக்குள் பதில் தராவிட்டால், நீங்கள் இல்லாமலேயே உங்களுக்கு எதிராகத் தீர்ப்பு வாங்கிவிடலாம். இந்த ஒரு வரியைத் தமிழில், எல்லா வீட்டிலும் கேட்கும்படி, வாராவாரம் ஒரு நல்ல அறிவிப்பாளர் சொல்லிக்கொண்டிருந்தால் எத்தனை குடும்பம் தப்பியிருக்கும்!

ஆகவே பாட்டும் வாழ்த்தும் மட்டும் கேட்டுப் பழகாதீர்கள். தொழிலாளர் சட்டம், குடியுரிமைப் பத்திரம், வீட்டுப் பிரச்சினை ஆகியவற்றைப் பேசும் தமிழ் நேரம் வேண்டும். கூலிம், சுங்கைப் பட்டாணி, பாடாங் செராய்ப் பிள்ளைகளுக்குப் பயிற்சியும் நிரந்தர வேலையும் வேண்டும். உங்கள் ஆலயமும் பெற்றோர் சங்கமும் தொழிற்சங்கக் கிளையும் தொடர்பு அமைச்சுக்கு ஆளுக்கொரு கடிதம் எழுதட்டும். நகலை நாடாளுமன்ற உறுப்பினருக்கும் அனுப்புங்கள்.

"தமிழ் படித்தால் சோறு போடுமா?" என்று பிள்ளையிடம் கேட்காதீர்கள். போடும்படி ஏன் செய்யவில்லை என்று அரசாங்கத்தைக் கேளுங்கள்.