தண்ணீருக்கு அடியில் ஒரு கோட்டை!

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. அன்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பவானிசாகர் அணைக்குப் போகும் குடும்பங்கள் உண்டு. பூங்காவில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிடுவார்கள். வறுத்த மீன் வாங்கித் தின்பார்கள். பொழுது சாய்ந்ததும் ஊர் திரும்பி விடுவார்கள்.

எதிரே கடல் போலக் கிடக்கும் தண்ணீருக்கு அடியில் ஒரு கோட்டை இருக்கிறதே, அது எத்தனை பேருக்குத் தெரியும்?

அதன் பெயர் டணாயக்கன் கோட்டை.

எல்லைக் காவல்

பவானியும் மோயாறும் கூடும் இடத்தை ஒட்டி இருந்தது இக்கோட்டை. மைசூர்ச் சீமையிலிருந்து கொங்கு நாட்டுக்கு இறங்கும் கஜலட்டி கணவாய் வழி அந்தப் பக்கம்தான் வந்து சேரும். ஆகவே அங்கே காவல் தேவைப்பட்டது.

ஓய்சள மன்னர் மூன்றாம் வல்லாளனின் தளபதி மாதவ தண்டநாயகர். அவர் பெயரோடு சேர்த்தே கோட்டையைச் சொல்வார்கள். தண்டநாயகன் என்றால் படைத்தலைவன். மக்கள் வாயில் அது 'டணாயக்கன்' ஆயிற்று.

1790 செப்டம்பரில் திப்பு சுல்தானின் படை இதே கணவாய் வழியாக இறங்கியது. சத்தியமங்கலத்தில் கடும் சண்டை. கர்னல் ஃபிளாய்டின் ஆங்கிலப் படை கோவையை நோக்கிப் பின்வாங்கியது.

ஊர் கொடுத்த விலை

கடைசியில் கோட்டையைப் பிடித்தது எந்தப் படையும் அல்ல, தண்ணீர்தான்! 1955-ல் அணை கட்டி முடிந்தது. கோட்டையும் ஊரும் மூழ்கின.

அதனால் சுமார் 2 லட்சம் ஏக்கர் நிலத்துக்குத் தண்ணீர் கிடைத்தது. காங்கேயம் பக்கத்து நிலங்களும் அதில் சேரும். ஒரு ஊர் தன் வீடு வாசலைக் கொடுத்தது. பல ஊர்களில் அடுப்பு எரிந்தது.

அணையில் 105 அடி வரை நீர் தேக்கலாம். கடும் வறட்சியில் நீர் வெகுவாக இறங்கினால்தான் இடிந்த கட்டடங்கள் தலை காட்டும். உடனே வேடிக்கை பார்க்கக் கூட்டம் கிளம்பிவிடும்.

இதில் மகிழ என்ன இருக்கிறது? கோட்டை வெளியே தெரிகிறது என்றால் வாய்க்காலில் தண்ணீர் இல்லை என்று பொருள். குடியானவன் வானத்தைப் பார்த்து நிற்கிறான் என்று பொருள். போதாக்குறைக்கு, சேற்றில் கால் புதைந்தால் உயிருக்கே ஆபத்து.

ஆனால் பழையதைப் பார்க்கும் ஆசை தவறல்ல. அதற்கு வேறு வழி செய்யலாம். அணைப் பூங்காவில் கோட்டையின் மாதிரி ஒன்று வைக்கலாம். பக்கத்தில் ஒரு பலகை. எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் புரியும்படி பெரிய எழுத்தில் அதன் வரலாறு. ஊரை விட்டுக் கொடுத்தவர்களைப் பற்றியும் நாலு வரி வேண்டும். அந்த ஊரைக் கண்ணால் பார்த்த பெரியவர்கள் இருக்கும்போதே அவர்களிடம் கேட்டு எழுதிவிட வேண்டும்.

இதற்கு பெரிய செலவு பிடிக்காது. மனம் இருந்தால் போதும்.

கோட்டை தண்ணீருக்குள்ளேயே இருக்கட்டும். அதன் கதை கரைக்கு வரட்டும்!